பிழை எண் 4127

வாளோடு வருபவர்களுக்காகக் கட்டுகிறார்கள் அந்த உலகத்தை.
நான் போவது சுவர்களுக்காக.

ஊபி தொழிற்பேட்டை, ஆறாவது மாடி.
கீழே லாரி டயர் மாற்றும் சத்தம்,
தலைக்கு மேலே ஏர்கான் ஒழுக்கு, அதற்கொரு வாளி.
இடையில்
மூன்று காடு, ஒரு பாலைவனம்,
பாதி வரைந்த துறைமுகத்தோடு
ஒரு ராஜ்ஜியம்.

ஒவ்வொரு பாறையிலும் தோளை இடித்துப் பார்ப்பேன்.
எந்தக் கல் பொய்யோ அதன் வழியே விழுவேன்.
விழுந்ததும் எழுதுவேன்:
வடக்குக் கோட்டை, மூன்றாம் படி,
உலகத்தை விட்டு வெளியேற முடிகிறது.
மறுநாள் ஃபைரூஸ் அடைத்துவிடுவார்.

ஒருமுறை நதிக்கு அடியில் நடந்தேன்.
அங்கிருந்து பார்த்தால் நதி ஒரு நீலத் தாள்.
மீன்கள் எல்லாம் ஒரே மீன்.

சண்டைக்கு விதி எளிது.
வெட்டினால் மூச்சு குறையும்,
உருண்டு தப்பினாலும் குறையும்,
மூச்சு தீர்ந்தவன் கையில் வாள் வெறும் இரும்பு.
எதிரி தோளை உயர்த்துகிறானே,
அடி விழுவதற்கு முன் அந்தச் சின்ன இடைவெளி,
அதை மட்டும் மூன்று மாதம் செதுக்கினாள் ஹுய் சின்.
பத்தொன்பது பிரேம் வைத்தால் பிள்ளை விளையாட்டு.
பதினொன்று அநியாயம்.
பதினான்கில்
சாவு நியாயமாக இருக்கிறது என்றாள்,
கோப்பியைக் கலக்கிக்கொண்டே.

கதை இதுதான்:
மன்னன் மலையைச் சீவிக் கடலில் கொட்டினான்.
கடல் பின்னே போனது, நகரம் முன்னே வந்தது.
மலை இருந்த பள்ளத்தில்
மலையின் மிச்சம் ஒன்று உலவுகிறது.
மொட்டைக்குன்றன். மூன்று ஆள் உயரம், முகம் கிடையாது.
அவனைக் கொன்றால்தான் துறைமுகக் கதவு திறக்கும்.
எப்படித் தோன்றியது என்று எழுதியவரைக் கேட்டேன்.
அவர் வீடு பிடோக்கில்.
சன்னலைக் காட்டினார்.

செவ்வாய் இரவு, பதினொன்றே கால்.
அவனிடம் முப்பத்தேழு முறை செத்திருந்தேன்.
பிரியாணிக்காரர் லிஃப்ட் வரை வந்துவிட்டார்.
இந்த ஆட்டத்தில் நிறுத்தி வைக்க வழியில்லை;
வாளை உறையில் போட்டேன்,
என் வீரனை அவன் காலடியில் விட்டுப் போனேன்.

சில்லறை, நன்றி, கரண்டி தேடியது
எல்லாம் சேர்த்து ஒன்பது நிமிடம்.

திரும்பி வந்தால் வீரன் உயிரோடு நிற்கிறான்.
குன்றன் உட்கார்ந்திருக்கிறான்.
காலை நீட்டி,
பின்னால் ஒன்றுமில்லாத காற்றில்
முதுகைச் சாய்த்து.

பக்கத்தில் போனேன். அடிக்கவில்லை.
தொழில் பழக்கம், தோளால் இடித்தேன்.
திடமாக இருந்தான்.
வாள்பிடியில் கை வைத்ததுமே எழுந்தான்.
பதினான்கு பிரேம்.
முப்பத்தெட்டு.

காலையில் ஃபைரூஸ் நிரலைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.
'எதிரி தெரியாவிட்டால் வீட்டுக்குப் போ' என்று ஒரு வரி.
அவன் வீட்டுப் புள்ளியை யாரும் மாற்றவில்லை.
முதல் வரைபடத்தில்
அது மலையடிவாரம்.
போன ஆண்டு மலையை அழித்தோமே,
அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

ரெண்டு நிமிஷ வேலைதான், என்றார். அடைக்கவா?

மாதிரி வெளியீட்டுக்குப் பதினோரு வாரம்.
என் பட்டியலில் இன்னும் அறுநூறு ஓட்டைகள்.
படிவத்தைத் திறந்தேன்.
சோதித்தவர்: தமயந்தி.
தீவிரம்: குறைவு.
நிலை என்ற கட்டத்தில் ஐந்து தேர்வுகள்.
எதிர்பார்த்த நடத்தை
என்பதைத் தேர்ந்தேன்.
ஃபைரூஸ் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்,
சாப்பிடப் போய்விட்டார்.

என் வீடு மரீன் பரேட், பன்னிரண்டாம் மாடி.
கட்டடம் நிற்கும் இடம்
பழைய வரைபடத்தில் நீலம்.
இரவு, கீழ்த்தளத் தூண் ஒன்றில்
தோளை இடித்துப் பார்த்தேன்.
கெட்டியாகத்தான் இருக்கிறது.
சைக்கிளோடு நின்ற பையன்
அக்கா, என்ன ஆச்சு என்றான்.